துணிக்கு அடியில் வைக்கும் பேப்பர்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா, ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா, அந்த ஊர்க் குளிர் தாங்குகிறதா என்று அத்தை கேட்கச் சொன்னாள். கேட்கச் சொன்னாள் என்றால், கேட்கச் சொல்வது போல ஒரு பார்வை பார்த்தாள். நம் வீட்டில் இப்போது பேச்சுவார்த்தை அந்த அளவில்தான் நடக்கிறது.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் நீ போனில் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆயுசு பூராவும் பஸ் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவனின் காது இது. நீ என்னவோ கேட்கிறாய், நான் 'ஆமாம்மா, ஆமாம்மா' என்கிறேன். எதற்கு ஆமாம் போட்டேன் என்பதே தெரியாமல் போனை வைப்பது எனக்குக் கேவலமாக இருக்கிறது. எழுதினால் இரண்டு தரம் படித்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். முன் அறை ஷட்டரைத் தூக்கிவிட்டேன். என் பையன் காய்ச்சலில் நம்மை விட்டுப் போன பிறகு நீ ஒருத்தியாக அந்த எம்பிராய்டரி மெஷினை ஓட்டினாய். நீயும் பாக்டரி வேலைக்குக் கிளம்பியதும் அது துணி போர்த்திக்கொண்டு நோயாளி மாதிரி கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பஸ்ஸை ஓட்டியவனுக்கு இது ஓட்ட வராதா என்று உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடச் சட்டை பேட்ஜ் நன்றாகவே வந்தது. தெருவில் நாலு பேரிடம் காட்டினேன்.

அந்தத் திமிருக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். லாரி செட் ஆட்கள் பந்து விளையாட பனியன் கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் பெயர் போட்டேன். ஃப்ரேமில் இருந்து எடுத்ததும் எழுத்தைச் சுற்றித் துணி சுருங்கி, என் முகம் மாதிரி ஆகிவிட்டது. துணிக்கு அடியில் வைத்துத் தைத்த பேப்பரைச் சட்டைக்குக் கிழித்த மாதிரியே கிழித்தேன். பேப்பரோடு தையலும் கையோடு வந்துவிட்டது. அலமாரியில் இருக்கும் ரோல் எல்லாம் பார்வைக்கு ஒரே வெள்ளையாக இருக்கிறது. பையன் எதிலும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. எதை எதற்கு வைப்பது, எனக்குப் புரிகிற மாதிரி எழுது. மிச்சப் பனியன்களை நீ சொல்லும் வரை தொடமாட்டேன்.

இப்படிக்கு,
மாமா


ஜனவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தேன். பனியன் உங்கள் முகம் மாதிரி ஆன இடத்தில் சிரித்துப் புரையேறி, பக்கத்தில் இருந்தவள் முதுகில் தட்டினாள். அப்புறம் அதே இடத்தைப் படித்து அழுதேன். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன்.

மாமா, பனியன் துணி இழுத்தால் வரும், விட்டால் போகும். ஊசி ஆயிரம் தரம் குத்தும்போது அதைப் பிடித்துக்கொள்ள அடியில் ஏதாவது வேண்டும். அதற்குத்தான் பேப்பர். சட்டைத் துணி தானாகவே விறைப்பாக நிற்கும், அதனால் அதற்குக் கிழிக்கிற பேப்பர் போதும். வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம். பனியனுக்கு வெட்டுகிற பேப்பர்தான் வைக்க வேண்டும். அது கிழியாது. தையல் முடிந்ததும் எழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு, கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மிச்சம் உள்ளேயே இருக்கும், துணி இருக்கும் வரை இருக்கும். துவைத்தாலும் போகாது. அதை எடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

எது எது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு ரோலிலும் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். சர்ரென்று கிழிந்தால் கிழிக்கிற பேப்பர். கையை வலிக்க வைத்துவிட்டு இழுபட்டால் வெட்டுகிற பேப்பர். அவரும் அப்படித்தான் பார்ப்பார். எழுதி ஒட்டுங்கள் என்று நான் சொன்னால், 'கைக்குத் தெரியாதது கண்ணுக்கு எதுக்கு'ன்னு சொல்லிச் சிரிப்பார். நீங்கள் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. பனியனை ஃப்ரேமுக்குள் இழுத்து மாட்டியிருப்பீர்கள். இழுத்துத் தைத்ததுதான் எடுத்ததும் சுருங்குகிறது. பேப்பரை மட்டும் ஃப்ரேமில் மாட்டி, ஒட்டுகிற ஸ்பிரேயை லேசாக அடித்து, பனியனை மேலே வைத்துக் கையால் தடவிவிடுங்கள். இழுக்கக் கூடாது. தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல.

இங்கே ஒரே வரிசையில் இருபது ஊசித் தலை ஓடும் பெரிய மெஷின். என் வேலை நூல் அறுந்தால் கோப்பது, பேப்பர் மாற்றுவது. சத்தம் காதைப் பிளக்கிறது. அதுவும் நல்லதுதான். நம் வீட்டு மெஷின் ஒன்று மட்டும் ஓடும் சத்தம் கேட்டால் அவர் உள்ளே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் கிளம்பினேன். உங்கள் மேலோ அத்தை மேலோ ஒரு குறையும் இல்லை. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

பனியன் ஜெயித்துவிட்டது. பந்தாட்டத்தில் தோற்றார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. எழுத்து மட்டும் கல் மாதிரி நிற்கிறது. லாரி செட் முதலாளி உள்பக்கம் திருப்பிப் பார்த்து, 'இது என்ன, பேப்பரை எடுக்க மறந்துட்டீங்களா?' என்றான். அது அப்படித்தான் இருக்கும், எடுத்தால் உன் பெயர் சுருங்கிவிடும் என்றேன். உடனே பனியனை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அத்தையிடம் நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். ஆனால் பையன் போன நாளில் இருந்து முன் அறைப் பக்கமே வராதவள், நேற்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் பார்க்காத மாதிரி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது போய்விட்டாள்.

இப்போது புதுச் சிக்கல். சலூன்காரர் ஒரு கட்டுத் துண்டு கொடுத்து, கடைப் பெயர் போடச் சொன்னார். போட்டேன். எழுத்து துண்டுக்குள்ளே மூழ்கிவிட்டது. புல்தரையில் விழுந்த சில்லறை மாதிரி தேடவேண்டியிருக்கிறது. அடியில் கிழிக்கிற பேப்பர், வெட்டுகிற பேப்பர் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். என்ன செய்ய?

வாடிக்கைக்காரர்கள் உன்னைக் கேட்கிறார்கள். லீவில் வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

துண்டுக்கு அடியில் வைத்து என்ன பயன்? மூழ்குவது மேலேதானே. அலமாரியின் கீழ்த்தட்டில் மூடி போட்ட டப்பா ஒன்று இருக்கும், அதற்குள் கண்ணாடிக் காகிதம் போல மெல்லிய ரோல். அது தண்ணீரில் கரையும். துண்டுக்கு மேலே அதை ஒரு பரப்பு விரித்துத் தையுங்கள். பூப்பூவாக நிற்கிற இழைகளை அது அமுக்கி வைக்கும், எழுத்து மேலே நிற்கும். முடிந்ததும் ஓரத்தைக் கையால் பிய்த்துவிட்டு, ஈரத் துணியால் ஒற்றுங்கள். இருந்த இடம் தெரியாமல் போய்விடும். டப்பாவை உடனே மூடிவிடுங்கள், மழைக் காற்று பட்டாலே பிசுபிசுவென்று ஆகிவிடும். ஈரக் கையோடு தொட்டு என்னிடம் திட்டு வாங்காதீர்கள்.

அத்தை முன் அறை வாசல்வரை வந்தார் என்று படித்ததும் கடிதத்தை மடித்துவைத்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மீதியைப் படித்தேன். அவர் வந்தால் நூல் முனை வெட்டுவதைக் கொடுத்துப் பாருங்கள். கையில் வேலை இருந்தால் உட்காருவார்.

நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் மெஷினில் ஐந்தாவது தலை மக்கர் செய்தது. மெஷின் கம்பெனி மெக்கானிக் வந்து, ஊசியைப் பார்க்கும் முன் அடியில் இருந்த பேப்பரைப் பார்த்தார். 'இவ்வளவு அடர்த்தியான டிசைனுக்கு ஒத்தைப் பேப்பர் வச்சா மெஷின் என்ன பண்ணும்'னு சூப்பர்வைசரிடம் நேருக்கு நேர் சொன்னார். நான் ஒரு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது மெக்கானிக் என்றதும் கேட்டுக்கொண்டார்கள். மெக்கானிக் போகும்போது, 'நீங்க முன்னாடியே சொன்னீங்களாமே' என்று என்னிடம் வந்து கேட்டார். அதை யாரும் கேட்டதில்லை.

லீவு இந்த மாதம் கிடைக்காது. மெக்கானிக் கையால் ஆகிற காரியமாக இருந்தால் அதையும் சரி செய்யச் சொல்லியிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

துண்டு பிரமாதம். சலூன்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டே தெருவில் திரிகிறார்.

அத்தை வந்துவிட்டாள். வந்து உட்கார்ந்து நூல் முனை வெட்டுகிறாள். உன் நாற்காலியில் அல்ல, ஸ்டூலில். பேப்பரும் வெட்டித் தருகிறாள். என்னைவிட நேராக வெட்டுகிறாள் என்பதை அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. சாயங்காலம் வெட்டி விழுந்த பேப்பர் துண்டுகளையெல்லாம் பொறுக்கி, பெரியது சிறியது பிரித்து, பெட்டியில் போடுகிறாள். வீணாக்காதே என்று நீ பையனைத் திட்டுவாயாம், அதைச் சொன்னாள். ஒரு முழு வாக்கியம் பேசினாள். நான் அசையவே இல்லை.

இந்தத் தடவை கேள்வி, வலைத்துணி. ஒரு பெண் கொண்டுவந்தாள், கொசுவலையைவிடக் கொஞ்சம் கண்ணியமான துணி. அதில் சின்னச் சின்னப் பூ வேண்டுமாம். அடியில் எந்தப் பேப்பர் வைத்தாலும் ஓட்டை வழியாகத் தெரிகிறது. சொல்.

இன்னொன்று. நான் பஸ் ஓட்டியவன். முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியில் பார்த்துப் பழகினவன். உன் போன கடிதத்தில் அந்த மெக்கானிக் திரும்பத் திரும்ப வருகிறார். லீவு கிடைக்கவில்லை என்று சொல்கிற இடத்தில்கூட வருகிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

வலைத்துணிக்கு அடியிலும் கரைகிற பேப்பர், மேலேயும் கரைகிற பேப்பர். அடியில் வைப்பது தடிமனாக, துணி மாதிரி இருக்கும். அந்த டப்பாவிலேயே கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வலையை வைத்துத் தைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள். பூ மட்டும் நிற்கும்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். மறுபடி திறந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நீங்கள் பார்த்தது சரிதான். அந்த மெக்கானிக் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு கல்யாணம் ஆகி முறிந்திருக்கிறது, அதை முதல் நாளே சொல்லிவிட்டார். நான் அவரைப் பற்றிச் சொன்னேன், உங்கள் மகனைப் பற்றி. நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா, எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அறைக்குத் திரும்பினால் பேச ஒரு ஆள் வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் உங்கள் மகனை மறந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. என் அண்ணனைக் கேட்டால் நல்லது என்பான், பாரம் இறங்குகிறதே. அவன் சொல் எனக்கு வேண்டாம். உங்கள் இரண்டு பேர் சொல்தான் வேண்டும். நீங்களும் அத்தையும் வேண்டாம் என்றால் வேண்டாம். கோபித்துக்கொள்ள மாட்டேன், நிஜமாக. அத்தை என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். என்னைக் கேட்டால், செய். யோசிக்காமல் சொல்கிறேன் என்று நினைக்காதே, யோசித்ததால்தான் இவ்வளவு நாள். முதல் நாள் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. கடையைத் திறந்து வைத்திருப்பதே நீ திரும்பி வருவாய் என்றுதான், அது உனக்கும் தெரியும். இரண்டாம் நாள், நீ வந்து இந்த இருவருக்கு நடுவில் உட்கார்ந்து கிழவியாவதை நினைத்துப் பார்த்தேன். கோபம் போய்விட்டது. வருத்தம் போகவில்லை, அது என் பாடு.

அத்தையிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து முன் அறைக்கு வரவில்லை. பழையபடி வாயையும் பூட்டிக்கொண்டாள். கேட்டால் அடுப்பைப் பார்க்கிறாள். அவள் பதில் இல்லாமல் நீ எதுவும் செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு.

இந்த முறை மெஷின் பற்றிச் சந்தேகம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 24

அன்புள்ள மருமகளுக்கு,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை. கோடையிலும் விடாத உன் ஊர்க் குளிருக்கு ஆகும் என்று வாங்கினேன், மூலையில் ஒரு கொத்துப் பூ போட்டிருக்கிறேன். பின்னல் துணி, இழுத்தால் வருகிறது. பனியன் பாடம் மறக்கவில்லை. வெட்டுகிற பேப்பர், ஸ்பிரே, இழுக்காமல் தடவி, எல்லாம் நீ சொன்னபடி. இலை ஒன்று கொஞ்சம் வளைந்திருக்கிறது, அது காற்றில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். உனக்குச் சால்வையில் பூ போடப்போகிறேன், கல்யாணத்துக்கு என்று அத்தை காதில் விழும்படி சொல்லிவிட்டு ஃப்ரேமை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். புது ரோலில் வெட்டப்போனேன், என் கையைத் தள்ளிவிட்டு, உள்ளே போய்த் துண்டுப் பேப்பர் இரண்டை எடுத்துவந்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, தானே ஃப்ரேமில் மாட்டிக் கொடுத்தாள். பூ முடியும்வரை ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்தை அவளே வெட்டி, அவளே மடித்துப் பார்சலில் வைத்தாள். என்னைத் தொடவிடவில்லை.

வாய் திறக்கவில்லைதான். ஆனால் இதற்குமேல் ஒரு சம்மதம் அவளிடம் வராது. அப்படியே எடுத்துக்கொண்டு நாளைக் குறித்துவிடு.

இப்படிக்கு,
மாமா


மே 3

அன்புள்ள மாமாவுக்கு,

சால்வை வந்தது. உங்கள் கடிதத்தை முதலில் படித்துச் சந்தோஷத்தில் அறையில் இருந்த எல்லோரிடமும் காட்டினேன். அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் நாள்கூடக் குறித்துவிட்டோம். சால்வையை அன்று ராத்திரியே போர்த்திக்கொண்டு படுத்தேன். மறுநாள்தான் திருப்பிப் பார்த்தேன். நம் தொழிலில் இருப்பவர்கள் எதையும் முதலில் திருப்பித்தானே பார்ப்போம், எனக்கு அன்று அது தோன்றவே இல்லை.

பின்பக்கம் இருக்கிற பேப்பரில் பூவின் நூலோடு வேறொரு நூலும் இருக்கிறது, மாமா. நீல நூல். பழைய தையல். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் முழுதும் சொல்கிறேன். அவர் புது எழுத்து வடிவம் எது செய்தாலும் துணியில் போடும் முன் வெறும் பேப்பரில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். வளைவு எழுத்து ஒன்று செய்த அன்று, சோதனைக்கு என் பெயரைப் போட்டார். நிஜப் பெயர் இல்லை. 'வாலு'. அவர் மட்டும் என்னை அப்படிக் கூப்பிடுவார். கடைசி எழுத்தின் சுழி கணக்குக்கு மேல் நீண்டுவிட்டது. 'உனக்குப் பொருத்தமா வால் நீளமாவே வந்திருக்கு' என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பேப்பர்தான் இது.

நான் கிளம்பும் முன் அந்த அறை முழுவதும் தேடினேன். அவர் ஓட்டிய ஒரு துண்டாவது கிடைக்குமா என்று குப்பைக்கூடையைக்கூடக் கொட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அத்தையிடம் இருந்திருக்கிறது.

இப்போது உங்கள் பூ அதன்மேல் தைத்திருக்கிறது. பூவின் தண்டு அவர் போட்ட எழுத்தின் நடுவில் போகிறது. பேப்பரை வெட்டி எடுத்தால் பூவும் போகும், பெயரும் போகும். நான் வெட்டமாட்டேன். ஆனால் போர்த்திக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.

அத்தை தெரியாமல் எடுத்து வைத்தாரா? தெரிந்துதான் என்றால் எனக்கு என்ன சொல்கிறார்? போ என்கிறாரா, இவன் போட்ட பெயரை முதுகில் சுமந்துகொண்டு எங்கே போவாய் என்கிறாரா? இரண்டு நாளாக இதே நினைப்பு. மெக்கானிக்கிடம் காட்டினேன். யார் போட்டது என்று கேட்டார், சொன்னேன். 'நல்லா கதகதன்னு இருக்கும், போத்திக்கோங்க' என்றார். அவர் நல்லவர் மாமா. அவரிடமே நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். அத்தை வாயால் ஒரு சொல் வராமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டு எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மே 12

அன்புள்ள மருமகளுக்கு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. மேல் பேப்பரை மட்டும்தான் பார்த்தேன், அடியில் இருந்ததை அவள் எனக்குக் காட்டவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே போனேன். இவ்வளவு நாள் அவளை விட்டுப் பிடித்தேன், இந்தத் தடவை விடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். பேசாமல் எழுந்திருக்க விடமாட்டேன் என்றேன்.

எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகச் சத்தமாகப் பேசினாள். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"அவன் கைபட்ட துண்டு எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு. புடவைக்குள்ள வச்சிருந்தேன். தினமும் எடுத்துத் தடவிப் பாப்பேன். ஆனா அவன் அதை எனக்குன்னு போடல, அவளுக்குன்னு போட்டான். அவ போறப்ப கொடுத்துடணும்னு நினைச்சேன், அன்னைக்கு மனசு வரல. இப்ப கொடுத்துட்டேன். போத்திக்கச் சொல்லுங்க. குளிர்ல கெடக்கா."

சம்மதம்தானே என்று கேட்டேன். தலையாட்டினாள். நல்லா இருக்கட்டும் என்றாள். என் மனதும் நிறைந்து, சரி, கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரையும் ஒருநாள் இங்கே வரச்சொல்லி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ங்க. அவ பக்கத்துல இன்னொருத்தர் நிக்கறதைப் பாக்கற தெம்பு எனக்கு இல்ல. அவளைத் தனியாப் பாத்தாலும் இவன் எங்கேன்னு தேடுவேன். வராம இருக்கச் சொல்லுங்க. எழுதாம இருக்கச் சொல்லுங்க. உங்களுக்கு அவ கடுதாசி வர்ற அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்கல."

நான் வாதாடிப் பார்த்தேன் அம்மா. அவள் என்ன தப்பு செய்தாள் என்று கேட்டேன். ஒரு தப்பும் இல்லை என்றுதான் அவளும் சொல்கிறாள். தப்பு என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். முடியவில்லை என்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? பெற்றவள். இருப்பதில் கடைசித் துண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் பக்கம் இருந்தாக வேண்டும். உனக்கு இனி பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே பதில் போடாதே. நீ எழுதிய கடிதங்களை நான் கடையில் ரோல்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எந்தத் துணிக்கு என்ன என்று அதில் எல்லாம் இருக்கிறது, இனி எனக்குத் திண்டாட்டம் வராது. சால்வையைத் தயங்காமல் போர்த்திக்கொள். பேப்பர் முதுகில் உறுத்தினால் மேலே சூடுபட்டால் ஒட்டுகிற மெல்லிய துணி ஒன்றை வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிவிடு. எனக்கும் இந்தத் தொழில் கொஞ்சம் தெரியும்.

மெக்கானிக்கிடம் என் நமஸ்காரத்தைச் சொல். 'முன்னாடியே சொன்னீங்களாமே' என்று அன்றைக்கு உன்னைத் தேடி வந்து கேட்டாரே, அதற்காக.

தள்ளிவைத்த நாளைத் திரும்பக் குறித்துவிடுங்கள். எந்த நாள் என்று போனில்கூட எனக்குச் சொல்லாதே. தெரிந்தால் அன்று என்னால் கடையைத் திறக்க முடியாது, அத்தை ஏன் என்று கேட்பாள், அவளிடம் எனக்குப் பொய் வராது. தெரியாமல் இருந்தால் எல்லா நாளும் ஒரே மாதிரி ஷட்டரைத் தூக்கிவிடுவேன்.

நல்லா இரு அம்மா.

மாமா